பழைய கல்லூரிக்கு நன்கொடை திரட்டுவது: வாங்கும் பணமும் கொடுக்கும் வாக்கும்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றாலே பணம் கொட்டிக் கிடக்கும் இடம் என்றுதான் வெளியே பேச்சு. அப்படியிருக்க, அங்கே ஒவ்வொரு கல்லூரியிலும் நன்கொடை திரட்டவும் முன்னாள் மாணவர்களோடு தொடர்பு வைத்திருக்கவும் தனி அலுவலகம் எதற்கு, அதற்கு ஒரு டைரக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் அமைப்பில் இருக்கிறது.

அங்கே பல்கலைக்கழகம் வேறு, கல்லூரி வேறு. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள், ஆக்ஸ்ஃபோர்டில் 40-க்கும் மேல். ஒருசிலவற்றைத் தவிர ஒவ்வொன்றும் சட்டப்படி தனி அறநிறுவனம். தனக்கென்று நிலம், தனக்கென்று முதலீடு, ஃபெல்லோக்கள் (கல்லூரியின் மூத்த உறுப்பினர்கள், பெரும்பாலும் ஆசிரியர்கள்) கூடி முடிவெடுக்கும் ஆட்சிக்குழு. ஒரு கல்லூரியின் பணத்தில் இன்னொன்று கைவைக்க முடியாது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி 1933-இல் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரைப் பக்கம் ஒரு பண்ணை நிலத்தை வாங்கியது. பின்னாளில் ஃபீலிக்ஸ்டோவ் கன்டெய்னர் துறைமுகம் அங்கேதான் வளர்ந்தது. 1970-இல் அதே கல்லூரி தன் நிலத்தில், அறிவியல் நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கும் சயன்ஸ் பார்க் தொடங்கியது. இந்த மாதிரி யோகம் எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்கவில்லை. பணக்காரக் கல்லூரிகள் ஏழைக் கல்லூரிகளுக்குக் கொடுத்து உதவ இரண்டு ஊரிலும் ஏற்பாடு இருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

வருமானத்தைப் பாருங்கள். இங்கிலாந்து மாணவரின் இளநிலைக் கட்டணம் 2025-26-இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. அரசு வைத்த உச்சவரம்பு அது. கல்லூரி நினைத்தால் கூட்ட முடியாது. அதையும் பல்கலைக்கழகமும் கல்லூரியும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஆசிரியர் முன்னால் இரண்டு மூன்று மாணவர்கள் மட்டும் உட்கார்ந்து தங்கள் கட்டுரையை விவாதிக்கும் பாடமுறைக்கு அந்தப் பணம் போதாது. துண்டு விழுவதை நிரந்தர நிதியின் வருமானமும், விடுமுறைகளில் மாநாடுகளுக்கு அறை வாடகைக்கு விடுவதும், நன்கொடையும்தான் ஈடுகட்டுகின்றன.

இந்த அலுவலகத்தை நடத்துபவரின் பதவிப் பெயர் பெரும்பாலும் டெவலப்மென்ட் டைரக்டர். பல கல்லூரிகளில் அவரும் ஒரு ஃபெல்லோ. அது வெறும் மரியாதைக்காகக் கொடுப்பது இல்லை. ஆட்சிக்குழுவில் உட்காராதவரிடம், "கல்லூரி இதைச் செய்யும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?" என்று ஒரு நன்கொடையாளர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவருக்குக் கீழே சிறிய கல்லூரியில் நான்கைந்து பேர், பெரியதில் பத்துக்கும் மேல்: தரவுத்தளம் பார்ப்பவர், ஆண்டு நன்கொடை பார்ப்பவர், நிகழ்ச்சிகள் நடத்துபவர், உயில் வழி வரும் கொடைகளைக் கவனிப்பவர். டைரக்டருக்கு அன்றாடம் பேச வேண்டிய மூவர்: கல்லூரித் தலைவர், கணக்கையும் சொத்தையும் பார்க்கும் பர்சர், பாட விவகாரங்களைப் பார்க்கும் சீனியர் டியூட்டர். இந்த மூவரும் மூன்று வெவ்வேறு தேவைகளைச் சொன்னால், வெளியே போய் ஒரு பவுண்டு கேட்பதற்குக்கூட அவருக்கு வாய் வராது. வெளியில் கேட்பதைவிட உள்ளே ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் முதல் வருடத்து வேலை.

அடுத்தது பட்டியல். அங்கே முன்னாள் மாணவர்களைப் படிப்பு முடித்த ஆண்டை வைத்து அடையாளம் சொல்வதில்லை. கல்லூரியில் சேர்ந்த ஆண்டுதான் கணக்கு. நிகழ்ச்சி அழைப்பும் அந்த வரிசையில்தான் போகும். ஆண்டைத் தவறாகப் பதிந்திருந்தால், அறிமுகமே இல்லாதவர்களோடு ஒருவரை விருந்தில் உட்கார வைத்துவிடுவோம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள், ஒரே ஆள் இரண்டு பதிவாக இருப்பது, இறந்தவருக்குக் கடிதம் போவது, இவைதான் வழக்கமான பிழைகள். இவற்றில் மூன்றாவது மன்னிக்கப்படாதது. செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். பெரிய அஞ்சல் எதுவும் போகுமுன் இறந்தோர் பட்டியலோடு முகவரிகளை ஒப்பிட வேண்டும். செலவு கொஞ்சம்தான். அதைச் செய்யாமல் விட்டு ஒரு விதவைக்குக் கணவர் பெயரில் நன்கொடைக் கடிதம் போனால், அந்தக் குடும்பம் கல்லூரியை அதோடு மறந்துவிடும்.

பட்டியலை ஆழமாகப் பார்த்தால் கல்லூரியின் வரலாறும் அதில் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்கள் கல்லூரிகளில் ஐந்து 1974-இல்தான் பெண்களை முதலில் சேர்த்தன. கேம்பிரிட்ஜில் மூன்று 1972-இல். ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் 1985 வரையும், கேம்பிரிட்ஜின் மாடலன் 1988 வரையும் காத்திருந்தன. 1974-இல் 18, 19 வயதில் சேர்ந்த பெண்களுக்கு இப்போது ஏறத்தாழ 70 வயது. அதாவது உயில் எழுதுவதைப் பற்றிப் பேசும் வயதுக்கு இந்தக் கல்லூரிகளில் படித்த பெண்கள் இப்போதுதான் கணிசமாக வருகிறார்கள். ஆனால் பல கல்லூரிகளின் உயில்கொடைக் கையேடு இன்னும் துடுப்புப் படகும் ரக்பி அணியும் நிறைந்த படங்களோடு, வயதான ஆண் ஒருவரைப் பார்த்துப் பேசுவது போலவே இருக்கிறது. அதைத் திருத்தி எழுதுவது இன்றைய தேதியில் செய்ய வேண்டிய வேலை.

ஆண்டு நன்கொடைக்கு நீண்டகாலமாகக் கைகொடுத்தது தொலைபேசி. ஈஸ்டர் விடுமுறையிலோ செப்டம்பரிலோ இரண்டு வாரம், பத்துப் பதினைந்து மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் முன்னாள் மாணவர்களை அழைக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும்: இந்தத் தேதிகளில் ஒரு மாணவர் அழைப்பார், நன்கொடை பற்றியும் பேசுவார், வேண்டாமென்றால் இந்த எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள் என்று. "நன்கொடை பற்றியும்" என்பதை அதில் எழுதாமல் விடக் கூடாது. விற்பனை அழைப்பு வேண்டாமென்று தேசியப் பட்டியலில் எண்ணைப் பதிந்தவர்களை முன்பே நீக்கிவிட வேண்டும்.

அழைப்பின் நடை இப்படிப் போகும். மாணவர் தன் பெயர், பாடம், எந்த ஆண்டு என்று சொல்லி, இது பேச உகந்த நேரமா என்று கேட்பார். முதல் ஐந்தாறு நிமிடம் பணப் பேச்சே இல்லை. வேதியியல் படித்தவரை வேதியியல் மாணவர் அழைத்தால் பேச்சு தானாக ஓடும். அதனால் யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே பொருத்தி வைப்பது மேற்பார்வையாளரின் வேலை. பிறகு கல்லூரிக்கு எதற்குப் பணம் வேண்டும் என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். ஐந்து விஷயம் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதன் பின் தொகை: மாதம் 50 பவுண்டு முடியுமா? இல்லையென்றால் 25? கடைசியில் 10? மூன்றாவது முறை மறுத்தால் நன்றி சொல்லி, முகவரி சரிதானா என்று பார்த்துவிட்டு முடித்துக்கொள்ள வேண்டும். நான்காவது முறை கேட்பது தொல்லை.

இதில் பணம் கோட்டை விடப்படும் இடம் ஒன்று உண்டு. "படிவம் அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்பவர்களில் பெரும்பாலோர் படிவத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. அவர்கள் மனம் இல்லாமல் சொன்னவர்கள் அல்ல. கடிதம் மேசையில் மற்ற காகிதங்களுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் சம்மதித்தவரிடம் டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு) விவரத்தை அதே அழைப்பில் வாங்கிவிடுவது நல்லது. இல்லையேல் அன்றிரவே மின்னஞ்சலில் இணைப்பு போக வேண்டும். நன்கொடைக்கு அரசு தரும் வரிச்சலுகைக்கான உறுதிமொழியை வாய்மொழியாக வாங்கினால், அழைப்பின் ஒலிப்பதிவை வைத்திருக்க வேண்டும், அல்லது எழுத்தில் உறுதி செய்து அனுப்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரித்துறை அதை ஏற்காது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யாரும் எடுக்காத காலம் வந்துவிட்டதால், பல கல்லூரிகள் 24 அல்லது 36 மணி நேர நன்கொடை நாள் நடத்துகின்றன. ஒரு பெரிய நன்கொடையாளர், நூறு பேர் கொடுத்தால் நான் இவ்வளவு தருகிறேன் என்பார். அந்த உற்சாகத்தில் சிறு கொடைகள் வரும். முறையானதுதான், ஒரு நிபந்தனையோடு. நூறு பேர் சேரவில்லையென்றால் அந்தப் பணம் உண்மையிலேயே வராது என்றிருக்க வேண்டும். எப்படியும் வரப்போகிற பணத்தை வைத்து, நீங்கள் கொடுத்தால்தான் இது வரும் என்று சொல்வது பொய். நன்கொடை திரட்டுவோருக்கான நடத்தை விதிகள் ஏமாற்றும் வேண்டுகோளைத் தடை செய்கின்றன.

மேலே சொன்ன வரிச்சலுகையின் பெயர் கிஃப்ட் எய்ட்; 1990-இல் வந்தது. வரி செலுத்தும் ஒருவர் 100 பவுண்டு கொடுத்தால் கல்லூரி அரசிடமிருந்து 25 பவுண்டு வாங்கிக்கொள்ளும். கொடுத்தவர் 40 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் தன் கணக்கில் 25 பவுண்டு திரும்பப் பெறலாம். ஆக அவர் கையிலிருந்து போனது 75, கல்லூரிக்கு வந்தது 125. மாதம் 10 பவுண்டு என்பது ஆண்டுக்கு 150 ஆகிவிடும். சிக்கல் எங்கே என்றால் விருந்தில். நன்கொடைக்குப் பதிலாகக் கொடுக்கும் சலுகைக்கு வரம்பு உண்டு: முதல் 100 பவுண்டில் 25 சதவீதம், அதற்கு மேலுள்ள தொகையில் 5 சதவீதம், மொத்தம் 2,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. 1,000 பவுண்டு கொடுத்தவருக்கு வரம்பு 70 பவுண்டு. அவருக்கு 90 பவுண்டு பெறுமான விருந்தை நன்கொடைக்குக் கைமாறாக வைத்துவிட்டால், வரவேண்டிய 250 பவுண்டு வரிப்பணம் முழுவதும் ஆபத்தில் விழும். நிகழ்ச்சி நடத்துபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து அழைப்பிதழை எழுத வேண்டியதன் காரணம் இது.

பெரிய தொகைக்கு வருவோம். இங்கேதான் முன்யோசனை அதிகம் தேவை. ஒரு கல்லூரி 2 கோடி பவுண்டு திரட்ட நினைக்கிறது என்று வையுங்கள். இருபதாயிரம் பேர் ஆளுக்கு ஆயிரம் கொடுப்பார்கள் என்று யாராவது ஆட்சிக்குழுவில் கணக்குப் போட்டால் அதை அங்கேயே மறுக்க வேண்டும். நடப்பது வேறு. 40 லட்சம் ஒருவர், 20 லட்சம் இருவர், 10 லட்சம் நால்வர், 5 லட்சம் எட்டுப் பேர். இந்தப் பதினைந்து பேரிடமிருந்து 1 கோடியே 60 லட்சம் வந்துவிடும். மீதி 40 லட்சத்துக்குத்தான் மற்ற எல்லோரும். ஒரு பெரிய கொடைக்கு மூன்று நான்கு பேரையாவது அணுக வேண்டியிருக்கும். ஆக 45 முதல் 60 பேர், கொடுக்க வசதியும் கல்லூரி மீது பற்றும் உள்ளவர்கள், பெயர் பெயராகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இலக்கைக் குறைக்க வேண்டும். பாதித் தொகையாவது உறுதியான பிறகே நிதி திரட்டும் இயக்கத்தை வெளியே அறிவிப்பார்கள். ஆரவாரமாக அறிவித்துவிட்டு நான்கு வருடம் கழித்தும் மூன்றில் ஒரு பங்கிலேயே நின்றால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கல்லூரியின் வேண்டுகோளில் யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

முதல் சந்திப்பிலிருந்து தொகையைக் கேட்பது வரை ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். கேட்பவர் பெரும்பாலும் கல்லூரித் தலைவர். டைரக்டர் பக்கத்தில் இருப்பார். தொகையைச் சொல்லியே கேட்க வேண்டும். "உங்களால் முடிந்ததை" என்று கேட்டால் எதிரிலிருப்பவருக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று புரியாது. கேட்ட பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதி பொறுக்காமல், "பரவாயில்லை, பாதி கொடுத்தாலும் போதும்" என்று தாங்களே இறங்கிவந்துவிடும் தலைவர்கள் உண்டு. அதனால் சந்திப்புக்கு முந்தைய நாள் தலைவரோடு ஒருமுறை பேசிப் பார்ப்பது வீண் அல்ல.

கொடுக்கும் பணம் எவ்வளவு காலம் பேசும் என்பதுதான் நன்கொடையாளருக்குச் சரியாக விளக்க வேண்டிய விஷயம். நிரந்தர நிதியில் முதல் பணத்தைத் தொடுவதில்லை, ஆண்டுக்கு 3.5 சதவீதம் அளவில் எடுத்துச் செலவழிப்பார்கள். விலைவாசியோடு முதலும் வளர வேண்டும் என்பதால்தான் இந்தச் சிக்கனம். ஒருவர் 5 லட்சம் பவுண்டு கொடுத்து, என் பெயரில் ஓர் ஆராய்ச்சி மாணவரை எப்போதும் படிக்க வையுங்கள் என்கிறார். 5 லட்சத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது 17,500. அரசின் ஆராய்ச்சி மன்றங்கள் 2025-26-க்கு அறிவித்த குறைந்தபட்ச உதவித்தொகையே 20,780. அதோடு அவர்கள் கணக்கிடும் கட்டணம் 5,006. மொத்தம் 25,786. இதற்கு ஏறத்தாழ 7 லட்சத்து 37 ஆயிரம் வேண்டும். இந்தக் கணக்கை அந்த மேசையிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய தொகையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வாங்கிவிட்டால், முதல் வருடமே கல்லூரி தன் கைக்காசைப் போட்டு அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டிவரும். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டுமென்றபோது, ஒரு பேராசிரியருக்கு இவ்வளவா என்று பலர் மலைத்தார்கள். ஒரு பேராசிரியருக்கு அல்ல, இனி வரப்போகும் அத்தனை பேருக்கும் சேர்த்து என்பதால்தான் அந்தத் தொகை. 2018-இல் அது நிறைவேறியது.

பிறகு ஒப்பந்தம். இது ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் டைரக்டர் எழுதுவதிலேயே நெடுநாள் நிற்கப்போவது இதுதான். "கெமிஸ்ட்ரி படிக்கும், இந்த மாவட்டத்தில் பிறந்த, தந்தையை இழந்த மாணவருக்கு" என்று எழுதினால் சில வருடம் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள், பணம் தேங்கும், நோக்கத்தை மாற்ற அறநிறுவன ஆணையம் வரை போக வேண்டிவரும். இந்தக் கல்லூரிகளுக்கு இது பழைய நோய். இந்த ஊரார், இந்தப் பள்ளியில் படித்தவர், இந்தக் குடும்பத்து உறவினர் என்று கட்டுப்படுத்தி வைத்த உதவித்தொகைகளைத் திறந்துவிடுவதற்காகவே 1850-களில் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே "முன்னுரிமை" என்று எழுத வேண்டும், "மட்டும்" என்று எழுதக் கூடாது. கடைசியில் ஒரு வரி அவசியம்: இந்த நோக்கத்துக்குப் பயன்படுத்த இயலாத நிலை வந்தால், இதற்கு மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்கு ஆட்சிக்குழு பயன்படுத்தலாம். தவணையில் கொடுப்பதென்றால் தேதிகள் வேண்டும். இடையில் கொடையாளர் இறந்தால் மீதியை யார் தருவது என்றும் வேண்டும். ஆண்டறிக்கை யாருக்குப் போக வேண்டும், அவருக்குப் பின் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

கட்டடத்துக்குப் பணம் எளிதில் வரும், பெயர் கல்லில் இருக்கும் என்பதால். பராமரிப்புக்கு யாரும் தர மாட்டார்கள். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அது அப்படியே பொருந்தும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே பல கல்லூரிகளைப் பக்கத்து ஹெடிங்டன் குவாரிக் கல்லால் கட்டினார்கள். வெட்ட எளிது, விலையும் குறைவு. நிலக்கரிப் புகை பட்டு அது கறுத்து, கொப்புளம் கிளம்பி, தோல் தோலாக உரிந்தது. 1957-இல் ஒரு நிதி திரட்டி, கிளிப்ஷம் போன்ற உறுதியான கல்லைக் கொண்டு சுவர் சுவராக மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் புதுக் கட்டடம் கட்டக் கொடுப்பவரிடம் பராமரிப்புக்கும் ஒரு பகுதியைச் சேர்த்தே கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட வளாகத்தில் ஒரு கதவை மாற்றவும் அனுமதி வேண்டும்; மண்ணைத் தோண்டினால் தொல்லியலாளர் முதலில் வருவார். இவை வேலையைத் தாமதமாக்கும் என்பதைத் திறப்பு விழாத் தேதி குறிக்கும் முன்பே கொடையாளரிடம் சொல்லிவிடுவது நலம்.

உயில் வழி வரும் கொடையில் சத்தமே இருக்காது. ஆனால் பல கல்லூரிகளுக்குப் பெரும்பணம் அந்த வழியில்தான் வருகிறது. கணக்கு தெரிந்தவர் இதை எளிதாக விளக்கலாம். இங்கிலாந்தில் 3,25,000 பவுண்டுக்கு மேல் உள்ள சொத்துக்கு 40 சதவீத வாரிசு வரி. அறநிறுவனத்துக்குப் போவதற்கு வரி கிடையாது. அதற்கு மேல், வரிக்குட்பட்ட சொத்தில் பத்தில் ஒரு பங்காவது அறத்துக்கு எழுதினால் மீதிக்கு வரி 36 சதவீதமாகக் குறையும்; இது 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறை. பிள்ளைகள் இல்லாத ஒருவர் 8,25,000 விட்டுச் செல்கிறார். எதுவும் எழுதாவிட்டால் வரி 2 லட்சம், உறவினருக்கு 6,25,000. கல்லூரிக்கு 50,000 எழுதினால் வரி 1,62,000, உறவினருக்கு 6,13,000. கல்லூரிக்கு ஐம்பதாயிரம் போய்ச் சேர்ந்ததில் உறவினர் இழந்தது பன்னிரண்டாயிரம்தான். குறிப்பிட்ட தொகையாக எழுதினால் இருபது வருடத்தில் அதன் மதிப்பு கரைந்துவிடும். எல்லோருக்கும் கொடுத்தது போக மீதியில் இத்தனை சதவீதம் என்று எழுதுவது கல்லூரிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நியாயம்.

உயிலில் கல்லூரியின் சட்டப் பெயரும் அறநிறுவனப் பதிவு எண்ணும் இருந்தே ஆக வேண்டும். செயின்ட் ஜான்ஸ், டிரினிட்டி, ஜீசஸ், பெம்புரோக், கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற பெயர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. மாடலன் என்று ஒரே மாதிரி உச்சரிக்கும் இரண்டு கல்லூரிகளை எழுத்தில் வேறுபடுத்துவது கடைசி ஒரே ஒரு எழுத்து. குவீன்ஸ் இரண்டையும் வேறுபடுத்துவது ஆங்கில எழுத்தில் ஒற்றைக் குறி (') எங்கே நிற்கிறது என்பதுதான். பதிவு எண் இல்லாத உயிலை வைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகள் வழக்கறிஞர் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டி வருவதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

பழைய கொடையாளர்கள் பணம் கொடுத்தது தங்கள் ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை செய்யப்பட வேண்டும் என்றும்தான். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு 1282-இல் விதிகள் எழுதிக்கொடுத்தவர், கணவரை இழந்த டெர்வோர்கில்லா. கொடையாளர்களை ஆண்டுக்கொருமுறை பெயர் சொல்லி நினைவுகூரும் வழிபாடு பல கல்லூரித் தேவாலயங்களில் இன்றும் நடக்கிறது. நன்கொடைத் துறையில் இருப்பவர் அதில் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். நூற்றாண்டு தாண்டியும் ஒரு வாக்கைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று அங்கே தெரியும். கொடையாளர் எல்லோரும் அங்கே படித்தவர்களும் அல்லர். திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் பேலியலில் படித்தவர் அல்ல. அதன் தேவாலயக் குருவாக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லை அமைக்கக் குடும்பத்தாரோடு தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்தார்கள் என்று அந்தக் கல்லே சொல்கிறது. முன்னாள் மாணவர் பட்டியலில் இல்லாத இப்படிப்பட்ட அன்பர்களுக்கும் தரவுத்தளத்தில் ஓர் இடம் வேண்டும்.

பழைய பணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1710-இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன், ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரி நூலகத்துக்கு 10,000 பவுண்டும் தன் புத்தகங்களும் எழுதிவைத்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்த செல்வம் அது. கல்லூரி 2018-இல் அந்த அடிமைகளின் நினைவாகக் கல்வெட்டு வைத்தது. 2020-இல் நூலகத்தை அவர் பெயரால் அழைப்பதை நிறுத்தியது. கல்லூரி செய்தது சரியென்றே படுகிறது. இன்று பணம் வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. நன்கொடை கேட்பதற்கு முன்பே, பணம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று விசாரித்துவிட வேண்டும்: நிறுவனப் பதிவுகள், நீதிமன்ற வழக்குகள், பொருளாதாரத் தடைப் பட்டியல். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் என்றால் முடிவெடுப்பது ஃபெல்லோக்கள் அடங்கிய குழு, டைரக்டர் அல்ல. இரண்டு வருடம் உழைத்து ஒருவரைக் கொண்டுவந்தவருக்கு அவரைப் பற்றி நடுநிலை இருக்காது. இரண்டாவது, பெயர் சூட்டுவதற்கு காலவரம்பு: 25 வருடம், அல்லது கட்டடத்தின் ஆயுள். தகுந்த காரணம் இருந்தால் பெயரை நீக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு என்ற வரி. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கொடையாளரிடம் இன்னும் கொஞ்சம் விசாரிப்பது நல்லது.

மாணவர் சேர்க்கைக்கும் இந்த அலுவலகத்துக்கும் இடையே சுவர் இருக்க வேண்டும். ஒரு முன்னாள் மாணவரின் மகள் விண்ணப்பிக்கிறாள் என்று தெரியவந்தால், முடிவு வரும்வரை அந்தக் குடும்பத்திடம் நன்கொடைப் பேச்சை நிறுத்தி வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

முன்னாள் மாணவர் விருந்து பற்றி இரண்டு வார்த்தை. ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கு காடி என்று பெயர். சேர்ந்த ஆண்டுகளைத் தொகுத்து, ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை முறைவைத்து அழைப்பார்கள். இரவு பழைய அறைகளில் தங்கலாம். அங்கே பணம் கேட்கக் கூடாது, கொடுத்தவர் கொடுக்காதவர் என்று மேசை பிரிக்கவும் கூடாது. வராதவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கல்லூரி நாட்கள் எல்லோருக்கும் இனிமையாக இருந்ததில்லை. சைவ உணவுக்காரர்கள், மது அருந்தாதவர்கள், கோட்டு சூட்டு வாங்கிச் செலவழிக்க விரும்பாதவர்கள் எல்லோருக்கும் அழைப்பிதழிலேயே இடம் தெரிய வேண்டும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கடுமையாகிவிட்டது, நியாயமாகவே. 2016 டிசம்பரிலும் 2017 ஏப்ரலிலும் தகவல் ஆணையர் அலுவலகம் பல அறநிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. கொடையாளருக்குச் சொல்லாமலேயே அவர்களுடைய சொத்து நிலையை ஆராய்ந்தது குற்றங்களில் ஒன்று. 2020-இல் பல பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் பிளாக்பாட் மென்பொருள் நிறுவனத்தில் தகவல் திருட்டு நடந்தது. தேவையில்லாததைச் சேர்த்து வைக்காதவர்களுக்கு அப்போது சொல்ல வேண்டிய பதிலும் குறைவாக இருந்தது.

சந்திப்புக் குறிப்பு எழுதுவதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். அதனால் அவர் படித்தால் வருந்தாத சொற்களில் எழுத வேண்டும்: தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, நாம் என்ன செய்வதாகச் சொன்னோம், அடுத்து யார் எப்போது பேசுவது. அரைப்பக்கம் போதும். மறுநாளே எழுதிவிட வேண்டும்.

டைரக்டர்கள் சில வருடத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கல்லூரித் தலைவரும் பத்து வருடத்துக்குள் மாறிவிடலாம். கொடையாளர் நாற்பது வருடம் அங்கேயே இருக்கிறார். அதனால் பொறுப்பை ஒப்படைக்கும்போது தரவுத்தளக் கடவுச்சொல்லும் இயக்கத்தின் கணக்கும் மட்டும் போதாது. பெரிய கொடையாளர் ஒவ்வொருவரின் ஒப்பந்த நகல், இந்த ஆண்டு அறிக்கை போனதா இல்லையா, யாருக்கு எந்த மாணவரின் கடிதம் பாக்கி, எந்த விதவை தொலைபேசியை விரும்புவதில்லை, எந்த மரத்தடியில் பெஞ்சு போடுவதாக ஒரு குடும்பத்துக்கு முந்தைய தலைவர் நடந்துபோகும்போது சொன்னார் என்பது வரை, எழுத்தில் வராத வாக்குகளின் பட்டியல் ஒன்றையும் எழுதி, பர்சரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.